என் மனைவி குறட்டை விடுவதில்லை

வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. கண்ணால் காணக்கூடியதைக் கண்டவரும், காதால் கேட்கக்கூடியதைக் கேட்டவரும்தான் சொல்ல வேண்டும். அடுத்தவர் சொல்லக் கேட்டேன் என்பது செல்லாது. அண்மையில் சட்டத்தின் பெயரை மாற்றினார்கள். இந்த விதியை அப்படியே விட்டுவைத்தார்கள். குறட்டை விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஏனென்றால் குறட்டை விடுகிறவருக்கு அது கேட்பதில்லை. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி.

எங்கள் வீட்டில் பக்கத்தில் படுத்திருப்பவன் நான். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு காதிலும் மிஷின் வைத்திருப்பவன். படுக்கும்போது அவற்றைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு ஓசூரில் எது நடந்தாலும் எனக்குச் சம்பந்தமில்லை.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுவாள். அறுவை சிகிச்சைதான் வழி என்றார் மருத்துவர். நாள் குறிப்பதற்கு முன்பு மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அது சித்திரை மாதம்.

அந்த டாக்டர் அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண். சின்ன வயது. இவளுடைய கழுத்தை ஒரு டேப்பால் அளந்தார். தையல்காரர்கூட அவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை. பிறகு குறட்டை வருமா என்று தமிழில் கேட்டார். இவள் இல்லை என்றாள். "கொறகெ?" என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை. "குரக?" என்று தெலுங்கில் கேட்டார். அதற்கும் இல்லை. எங்கள் ஊரில் ஒரே கேள்வியை மூன்று மொழிகளில் கேட்பது வழக்கம்தான். மூன்றிலும் ஒரே பதில் வருவது அபூர்வம். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது.

ஆனால் அந்தச் சந்தேகம் மனைவி மேல் வரவில்லை, டாக்டர் மேல் வந்தது. கல்லை எடுக்க வந்த இடத்தில் குறட்டையைப் பற்றி என்ன விசாரணை? தூக்கச் சோதனை என்று ஒன்று இருக்கிறது, மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் மெஷின் என்று ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னதும், சரி, கடையைத் திறக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"குறட்டை எதனால வருது டாக்டர்?" என்று கேட்டேன். தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. முன்னுக்குப் பின் முரண்படுகிறாரா என்று பார்ப்பதற்காகக் கேட்டேன்.

அவர் முரண்படவில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்கிறது, நாக்கு பின்னால் சரிகிறது, வழி குறுகுகிறது, அந்தக் குறுகிய வழியில் காற்று போகும்போது சதை அதிர்கிறது, அதுதான் சத்தம். உடல் எடை, கழுத்துப் பருமன், மூக்கடைப்பு, தைராய்டு, தூக்க மாத்திரை, மது என்று காரணங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இது கூடும் என்றார். இவள் அப்போது சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மல்லாந்து படுத்தா ஜாஸ்தி ஆகும் சார். அதுக்காகவே சிலபேர் சட்டைக்குப் பின்னாடி ஒரு பந்து வெச்சுத் தெச்சுக்குவாங்க. மல்லாந்தா உறுத்தும், தானா ஒருக்களிச்சுப் படுப்பாங்க."

நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தவள் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, துவைக்கப் போட்டிருந்த துணியில் இவளுடைய பழைய ரவிக்கை ஒன்றைப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஒரு சின்னப் பை தைத்து, உள்ளே காய்ந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று இருந்தது. மந்திரித்த பழம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். யாரோ இவளுக்குச் செய்வினை இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இவளும் நம்பி முதுகில் கட்டிக்கொண்டு படுக்கிறாள் என்று முடிவு செய்தேன். யார் சொல்லியிருப்பார்கள் என்பதற்கும் என்னிடம் ஒரு பெயர் இருந்தது. அவளுடைய தங்கை.

டாக்டர் அறையில்தான் தெரிந்தது, அது மந்திரம் இல்லை, வைத்தியம். கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்துச் செய்திருக்கிறாள். மூக்கில் விட்டுக்கொள்ளத் தலைமாட்டில் நெய் பாட்டில் இருந்ததும், இரண்டு தலையணை வைக்க ஆரம்பித்ததும், இரவுச் சாப்பாட்டை விளக்கு வைக்கும் நேரத்துக்கே முடித்ததும் ஒவ்வொன்றாக எனக்குப் புரிந்தது. ஆக, குறட்டை வருவது இவளுக்குத் தெரியும். தெரிந்தே மூன்று மொழியிலும் இல்லை என்றிருக்கிறாள்.

"குறட்டை வருது டாக்டர்" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்? காதுல மிஷின் இல்லாமத்தான தூங்கறீங்க?" என்றாள் இவள். குறுக்கு விசாரணையில் இவளை மிஞ்ச முடியாது.

டாக்டர் சிரிக்கவில்லை. "சத்தம் பத்தி எனக்குப் பயம் இல்ல சார். சத்தம் நடுவுல நின்னுபோகுதா, மூச்சு நிக்குதா, அதுதான் கேள்வி. அம்மா, உங்கள நான் தூங்க வெக்கறது ஈஸி. எழுப்பறதுதான் கஷ்டம். மயக்க மருந்துல தொண்டை இன்னும் தளரும். உங்களுக்கு மூச்சு நிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா நான் தயாரா இருப்பேன். சோதனை பண்ணி, கொஞ்ச நாள் மெஷின் வெச்சுத் தூங்க வெச்சு, அப்புறம் ஆபரேஷன். தெரியாம படுக்க வெச்சா மேஜையிலயே ஏதாவது ஆகலாம். உங்க பக்கத்துல கடைசியா யாரு படுத்தாங்க? பாத்தவங்க யாராவது சொல்லணும்."

"யாரும் படுக்கல. கல்ல எடுங்க, குறட்டைய விடுங்க" என்றாள். தூக்கச் சோதனைக்கும் வரமாட்டேன் என்றாள். பெண்பிள்ளை குறட்டைக்கு ஆஸ்பத்திரியில் படுத்தாள் என்ற பேச்சு பிறந்த வீட்டுப் பக்கம் ஊத்தங்கரை வரைக்கும் போகும் என்றாள். டாக்டர் ஃபைலை மூடிவிட்டார். பதில் தெரியாமல் நாள் குறிக்க மாட்டார்களாம். எனக்கு அந்தப் பெண் மேல் இருந்த சந்தேகம் கொஞ்சம் குறைந்தது. கடை திறந்தவர்கள் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அன்றிரவு நானே சாட்சியாகிவிடலாம் என்று மிஷினோடு படுத்தேன். அது குறட்டையையும் லாரியையும் பிரித்துக் கேட்கும் கருவி இல்லை. தேசிய நெடுஞ்சாலை முழுவதும் தலையணைக்குள் வந்துவிட்டது. அதோடு, மிஷின் போட்டிருக்கிறேன் என்று தெரிந்ததும் இவள் தூங்கவே இல்லை. கைப்பேசியில் பதிவு செய்யலாம் என்று வைத்தால், அதை அணைத்துவிட்டுப் படுத்தாள். மேலும், கேட்க வேண்டியது சத்தம் நின்றுபோவதை. அரைக் காது கேட்கிறவனுக்குச் சத்தம் நின்றதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஆனால் "யாரும் படுக்கல" என்றது பொய். தை மாதம் பேரனுக்குக் காதுகுத்து எங்கள் வீட்டில்தான் நடந்தது. ஆண்களை எல்லாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இவளோடு கீழே அறையில் படுத்தவள் அந்தத் தங்கைதான். சாமல்பட்டியிலிருந்து வந்தவள் நாலு நாள் தங்குவதாகச் சொன்னாள். விசேஷத்துக்கு மறுநாள் காலையிலேயே காப்பிகூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேச்சில்லை. இவளைக் கேட்டால், "அவ வாயி சரியில்ல" என்பதோடு முடித்துக்கொள்வாள்.

நான் என் பாட்டுக்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். என் மாமனாருடைய மானாவாரி நிலம் சாமல்பட்டியில் இன்னும் பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. அந்தப் பக்கம் தொழிற்பேட்டை வரப்போகிறது என்ற பேச்சு வந்ததிலிருந்து, எங்களை மறந்திருந்த உறவுகள் எல்லாம் நலம் விசாரிக்கின்றன. பணிக்காலம் முழுவதும் என் மேஜைக்கு வந்தவர்கள் எல்லோரும் நிலத்துக்காகத்தான் வந்தார்கள். கொழுந்தியா மட்டும் காதுகுத்துக்காக வந்தாள் என்று நான் எப்படி நம்புவேன்? கையெழுத்துக் கேட்டிருப்பாள், இவள் மறுத்திருப்பாள். அவள் போன மறுவாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததும் எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது அவள்தான் தேவைப்படுகிற ஒரே சாட்சி. போன் செய்தேன், எடுக்கவில்லை. அதனால் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் எழுதினேன். வினாக்களை வரிசைப்படுத்தி, எதிரே ஆம், இல்லை, பொருந்தாது என்று கட்டம் போட்டிருந்தேன். குறட்டை கேட்டதா? இடையில் நின்றதா? நின்றபோது மூச்சு இருந்ததா? அட்டை அவள் கையெழுத்தோடு திரும்பி வந்தது. பதில் வரவில்லை. கடிதம் கிடைத்ததற்குக் கையெழுத்து, கேட்டதற்கு மௌனம் என்ற முறை அரசு அலுவலகத்துக்கு மட்டும் உரியது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

வைகாசி, ஆனி எல்லாம் போயிற்று. இவள் கஞ்சியும் இட்லியுமாகக் காலம் தள்ளினாள். ஆடி பிறந்ததும் ஒரு நாள் மத்தியானம் வலி வந்து, சமையல் மேடையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். கல் எப்போது வேண்டுமானாலும் குழாயை அடைக்கலாம், ஆபரேஷனை இனித் தள்ளாதீர்கள் என்றார்கள். மயக்க மருந்து டாக்டர் என்னை மட்டும் தனியாகப் பார்த்து, "யாரும் கிடைக்கலயா சார்?" என்றார்.

அன்று நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். கட்டம் போடவில்லை. 'அக்காவுக்கு வலி தாங்க முடியவில்லை. மயக்க மருந்து கொடுக்கப் பயப்படுகிறார்கள். அன்றைக்கு நீ பார்த்ததைச் சொன்னால் போதும்' என்று மட்டும் எழுதினேன். கையெழுத்துக்குக் கீழே பதவியைப் போடவும் மறந்துவிட்டேன்.

சில நாள் கழித்து, முற்பகலில், கேட்டைத் திறந்துகொண்டு அவளே வந்து நின்றாள். அணைக்குப் போகிற கூட்டத்தில் கிருஷ்ணகிரி வரைக்கும் நின்றுகொண்டே வந்தாளாம்.

"ஏன் மாமா, கட்டம் போட்டா அனுப்புவீங்க? நான் என்னா சாதிச் சான்றிதழ் கேட்டு மனுவா குடுத்தன்? மூச்சு நின்னுதா, பொருந்தாதான்னு கேட்டா நான் என்னான்னு எழுதறது?"

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அவள ஏங்க கூப்ட்டீங்க? வாயத் தொறந்தா எழவுன்னுதான் வரும்."

"இந்தா, நல்ல நாளும் அதுவுமா எழவுன்னு சொன்னது நீ. நான் இல்ல."

உட்கார் என்றேன். உட்காரவில்லை. கூடத்தில் கிடந்த பாயில் படுத்துக் காட்டினாள். "இப்புடி மல்லாக்கப் படுத்துன்னு இருந்தா மாமா. எங்கூரு டிராக்டரு லோடோட மேடு ஏறுற மாதிரி சத்தம். ஏறி ஏறி வந்து, படக்குன்னு நின்னுபோச்சி. சரி, திரும்பிப் படுத்துக்கினான்னு பாத்தா, நெஞ்சு மட்டும் ஏறி ஏறி எறங்குது, மூச்சு இல்ல. மூக்குகிட்ட கைய வெச்சிப் பாத்தன், காத்தே இல்ல. நான் இருக்கற சாமியெல்லாம் கூப்புட்டு முடிச்சப்பறம், ஹக்குன்னு ஒரு இழுப்பு. திரும்பவும் டிராக்டரு. விடியற வரைக்கும் இதே கத. நான் கண்ணே மூடல. எழுந்ததும் சொன்னன், 'அக்கா, நீ தூக்கத்துல செத்துச் செத்துப் பொழைக்கற, டாக்டருகிட்ட போ'ன்னு. அவ்ளோதான் சொன்னன். வெளியில போடின்னுட்டா."

இவள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "பேரனுக்குக் காது குத்துன மறுநாளு, எழுந்து மூஞ்சிகூடக் கழுவல, நீ செத்துட்டன்னு சொன்னா ஆசீர்வாதம்னா எடுத்துக்குவாங்க?"

"பொழைக்கறன்னும் சொன்னனே, அது காதுல வுழுலயா?"

"நிலத்தைப் பத்தி ஒண்ணும் பேசலையா?" என்று நான் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதுக்குத்தான் மாமா வந்ததே! நாலு நாளு தங்கி மெதுவா பேசலாம்னு இருந்தன். இவ மூச்சு நின்னதுல அதுவும் நின்னுபோச்சி. இப்பவும் பேசணும், அப்பறமா பேசிக்கலாம்."

மறைக்க வேண்டியதில்லை, எனக்கு ஒரு திருப்தி இருந்தது. நான் முழுக்கத் தவறாகச் சந்தேகப்படவில்லை.

தங்கை பாயிலிருந்து எழுந்து, அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் எல்லாம் போய்விட்டது. "எளைச்சிப் போய்ட்டியே அக்கா" என்றாள். இவள் விலாவில் கையை வைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடுங்க. சோதனைக்கு வர்றன்னு சொல்லுங்க. குறட்டைன்னு சொல்ல வேணாம். மூச்சு நிக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

சித்திரையில் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. அன்று ஆடி பதினெட்டு.