சுந்தரேசன் வாங்கிய பத்து கிகாபிட்

செக்கந்தராபாத்தை அடுத்த மௌலா அலி ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் வசிக்கும் சுந்தரேசன், பொறாமை என்ற குணம் தம்மிடம் கிடையாது என்று பலமுறை அறிவித்தவர். மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு, ஒன்றை முறைப்படி அறிவித்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது.

அவருடைய கௌரவம் முழுவதும் வரவேற்பறை மூலையில் முனகிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தது. சர்வர் என்று பெயர். அப்பகுதித் தமிழ் அன்பர் சபையின் நாற்பது ஆண்டு ராம நவமி விழாக்கள், மாறுவேடப் போட்டிகள், பாதி உறுப்பினர்களின் கல்யாணங்கள் எல்லாம் கேசட்டிலிருந்து மாற்றப்பட்டு அதில்தான் குடியிருந்தன. யாருக்காவது பழைய படம் வேண்டுமென்றால் சுந்தரேசன் வீட்டு மணியை அடித்தே ஆக வேண்டும். ஆண்டுதோறும் விழா மேடையில் செயலாளர் ராஜம், "நம் பெட்டகக் காப்பாளர் திரு. சுந்தரேசன்" என்று மைக்கில் அழைப்பார். அந்த நான்கு வினாடிக்காகவே அவர் மீதி ஆண்டைக் கழித்தார் என்றால் மிகை. பதினோரு மாதங்களை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இந்த நிலையில்தான் எதிர் ஃபிளாட்டுக்குப் பத்மநாபன் குடிவந்தார். பாலாநகரில் விமான எலக்ட்ரானிக்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த மாதமே ஒரு சர்வர் கட்டினார். காலை நடையில், கேட்காமலேயே சொன்னார்.

"டென் கிக் போர்டு சார். உங்களது ஒன் கிக்தானே? அந்தக் காலத்துக்கு அது போதும்."

'அந்தக் காலம்' என்ற சொல் சுந்தரேசன் காதில் ஏறி, இறங்க மறுத்தது. அதற்கு முன் அவருக்குப் பத்து கிகாபிட்டைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லை. நொடிக்கு எத்தனை தகவல் கம்பியில் ஓடும் என்பதன் அளவு அது, தம்முடையதைப் போலப் பத்து மடங்கு, என்று தெரிந்ததும் காபி கசந்தது. எதிர் வீட்டுக் கதவுக் கண்ணாடி வழியே இரவும் பகலும் மினுங்கிய பச்சை விளக்குகளை அவர் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை.

இடி அடுத்த வாரம் விழுந்தது. பெட்டகத்தை வேகமான இயந்திரத்துக்கு மாற்றலாமா என்று சபை யோசிப்பதாகவும், இரண்டு வீட்டுக்கும் ஞாயிறன்று நேரில் வந்து பார்ப்பதாகவும் ராஜம் தொலைபேசியில் சொன்னார்.

அன்று மாலையே சுந்தரேசன் ஒரு கோப்பு திறந்தார். 'மதர்போர்டு கொள்முதல்' என்று மேலே எழுதினார். தொழில்நுட்பத் தேவைகளை வரிசையாக வகுத்தார். பத்மநாபன் போர்டில் கம்பி செருகும் பத்து கிகாபிட் வாய் ஒன்று. ஆகவே தேவை: குறைந்தபட்சம் இரண்டு. பத்மநாபன் பெட்டியில் ஆறு ஹார்ட் டிஸ்க். ஆகவே: எட்டு. ஒரே ஒரு பொருள் மட்டும் தேறும்படி விதிமுறை எழுதுவது எப்படி என்பதை அரசாங்கம் அவருக்கு முப்பத்து நான்கு ஆண்டுகள் சம்பளம் கொடுத்துக் கற்பித்திருந்தது. மூன்று போர்டுகளை ஒப்பிட்டு அட்டவணை போட்டார். இரண்டு கௌரவமாகத் தோற்றன.

"ஏன்னா, இதுல என் கையெழுத்து எதுக்கு?" என்றாள் மனைவி கல்பகம்.

"நிதி ஒப்புதல். ரெண்டு பேர் போடணும்."

"எதிராத்து மாமாமேல இருக்கற வயத்தெரிச்சலுக்கு ஒப்புதல்னு போட்டா கையெழுத்துப் போடறேன்."

"பொறாமைக்கும் தரமேம்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவாகிட்ட நான் பேசறதில்லே."

கல்பகம் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள், அப்புறம் திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக.

செக்கந்தராபாத் பார்க் லேனில் கடை வைத்திருக்கும் வெங்கட், பட்டியலை இருமுறை படித்துவிட்டு, தெலுங்கும் உருதுவும் கலந்த, தமக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"போர்டு சூப்பர் சார். இந்த வயர் அந்தப் பக்கம் எதுல போகுது? நெட்வொர்க் ஸ்விட்ச் கைக்கு, ஏன் எழுதலே?"

"அந்தப் பக்கம் வேற டிபார்ட்மென்ட்."

"ஹவ் சார், சரி, ஆனா அந்தப் பக்கமும் டென் கிக் இருக்கணும் கதா..."

"நக்கோ, வேண்டாம். பட்டியல்ல உள்ளதை மட்டும் குடுங்கோ."

அதில் கர்வம் ஏதும் இல்லை. கொள்முதல் பிரிவில் வாங்குவதோடு கடமை முடிந்தது. வாங்கியது எங்கே போய்ச் சேருகிறது, எதோடு பொருந்துகிறது என்பதெல்லாம் பராமரிப்புப் பிரிவின் தலைவலி. இப்போது வீட்டில் பராமரிப்புப் பிரிவு இல்லை என்பது மட்டும்தான் அவர் கணக்கில் வராமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை ராஜம் கைப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக வந்தார். பத்மநாபனும் கூடவே வந்தார், பார்வையாளராக. சுந்தரேசன் புதிய பெட்டியை அறிமுகம் செய்தார். இரண்டு வாய்கள் என்பதை மூன்று முறை சொன்னார். பிறகு ஒரு ராம நவமியை ராஜத்தின் லேப்டாப்புக்கு அனுப்பினார். திரையில் வேகம் தெரிந்தது: நொடிக்கு நூற்றுப் பன்னிரண்டு மெகாபைட்.

"சார், பழைய பெட்டியிலயும் இதே நம்பர்தானே வரும்?" என்றார் ராஜம்.

பத்மநாபன் குனிந்து, வயரைப் பிடித்தபடி சுவரோரம் நடந்து போனார். வயர், நெட் கம்பெனி கொடுத்த சின்ன வெள்ளை ரவுட்டரில் போய் முடிந்தது.

"இது ஒன் கிக் சார். பத்து வழி ரோட்டைப் போட்டு, ஒத்தைக் கதவுல கொண்டுபோய் நிறுத்தியிருக்கேளே."

"அது என் ஸ்கோப்ல வராது" என்றார் சுந்தரேசன். குரல் பாதியில் மெலிந்தது. மேடை, மைக், நான்கு வினாடி எல்லாம் ரவுட்டர் வழியாக ஒழுகிப் போவது அவருக்குத் தெரிந்தது.

"சரி, உங்க வீட்ல எவ்வளவு வருது பத்மநாபன் சார்?" என்று கேட்டார் ராஜம்.

பத்மநாபன் ரவுட்டரையே உற்றுப் பார்த்தார். அதில் பார்ப்பதற்கு அவ்வளவு இல்லை.

"நூத்திப் பன்னெண்டு."

"என்னது?"

"இன்னொரு டென் கிக் மெஷின் இருந்தாத்தானே மேடம் வேகம் வரும். என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்."

சுந்தரேசன் மனத்தில் ஒரு கணம் தீபாவளி. அடுத்த கணம், இத்தனை நாளும் தாம் நூற்றுப் பன்னிரண்டைப் பார்த்தா வெந்தோம் என்று ஒரு துக்கம். பொறாமைப்பட்டது தவறு என்று தோன்றவில்லை. தரமில்லாத சரக்கின் மேல் பட்டுவிட்டோமே என்றுதான் தோன்றியது.

கல்பகம் காபித் தட்டை வைத்தாள். "இங்கே ஒண்ணு இருக்கு, அங்கே ஒண்ணு இருக்கு. நடுவுல ஒரு வராண்டா. ஒரு வயரைப் போட்டா என்ன?"

பிறகு பத்மநாபன் போய்ப் பன்னிரண்டு மீட்டர் வயர் ஒன்றைக் கொண்டுவந்தார். அது அவர் வீட்டில் உறை பிரியாமல், யாருக்காகவோ காத்திருந்தது. இரண்டு கதவுக்கடியிலும் நுழைத்து மாட்டினார்கள். எண் எழுநூறைத் தாண்டியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்போ ரெண்டு வீட்லயும் ஒரு பிரதி இருக்கட்டும், அதான் பத்திரம்" என்று ராஜம் தீர்ப்புச் சொன்னார்.

பெட்டகம் முழுவதும் எதிர் ஃபிளாட்டுக்குப் புறப்பட்டது. எட்டு ஆண்டுகள் கட்டிக்காத்தது ஒன்றரை மணி நேரத்தில் வராண்டாவைக் கடந்துவிட்டது. பழைய பெட்டியாக இருந்திருந்தால் பத்து மணி நேரமாவது ஆகியிருக்கும். தேடிப்பிடித்து வாங்கிய வேகமே தம் சொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதைச் சுந்தரேசன் நாற்காலியை விட்டு எழாமல் பார்த்தார்.

ராஜம் விழா அழைப்பிதழின் நகலைத் தட்டினார். "காப்பாளர்கள்னு ரெண்டு பேரையும் கூப்பிடறேன். வீண் சண்டை வேண்டாம், ஆல்ஃபபெட்டிகல் ஆர்டர். பி ஃபார் பத்மநாபன். அப்புறம் எஸ்."

பத்மநாபன் அடக்கமாகத் தலையசைத்தார். சுந்தரேசன் எழுந்து நின்றார். வாழ்நாள் முழுவதும் குறிப்பு, கையெழுத்து, மளிகைச் சீட்டு எல்லாம் ஆங்கிலத்திலேயே எழுதிய அவர், தாய்மொழிக்காகக் குரலை உயர்த்தினார்.

"மேடம், இது தமிழ் அன்பர் சபை. வரிசை தமிழ் அகரவரிசையா இருக்கணும். சகரம் முன்னாலே, பகரம் பின்னாலே. நான் தீர்மானமே கொண்டுவரேன்."

"தாராளமா. தமிழ்லயே எழுதிக் குடுங்க சார்" என்றார் ராஜம்.

சுந்தரேசன் பேனாவைத் திறந்தார். 'தீர்மா' வரை தடையில்லாமல் வந்தது. பிறகு பேனா நின்றது. அடுத்த எழுத்துக்கு இரண்டு சுழியா மூன்று சுழியா என்ற சந்தேகத்தில் கல்பகத்தைப் பார்த்தார், ராஜத்தைப் பார்த்தார், கூரையைக்கூடப் பார்த்தார். பத்மநாபன் இருந்த பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.