வெர்னாவின் அறுபத்தெட்டுப் பெயர்கள்

என் அண்ணன் டெல்பர்ட்டுக்கு ஈரலில் புற்று என்பதை டாக்டர் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்து, "ஏப்ரல் தாண்டாதுன்னு சொல்றார், டெல்" என்று போட்டு உடைத்தவள் அவன் மனைவி வெர்னா. டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் சிரித்தான். "முப்பது வருஷமா இவகூட குப்பை கொட்டறேன் டாக்டர். நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே இவ மூஞ்சிய பார்த்துட்டேன்" என்றான்.

வெர்னா அப்படித்தான். மாவட்டச் சாலை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் பனி அள்ளும் வண்டிகளை ரேடியோவில் ஏவிக்கொண்டிருந்தாள். சாலை திறந்துவிட்டது என்று அவள் சொன்னால்தான் பள்ளிக்கூட பஸ்கள் கிளம்பும். திறக்காத சாலையைத் திறந்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை. தேவாலயத்து விருந்தில் யாராவது "ஆப்பிள் பை எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்டுவிட்டால் அடுத்த வருஷம் கேட்கமாட்டார்கள்.

ஆனால் எங்கள் ஊர் வார்ட்லோவில் அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது மார்ச் மாதம்தான். இந்தியானாவில் மார்ச் என்றால் கல்லூரிக் கூடைப்பந்து. பருவக் கடைசியில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போவது அறுபத்தெட்டு அணிகள். அவரவர் லீகை ஜெயித்தவர்கள் தானாகப் போய்விடுவார்கள். மீதி இடங்களுக்கு ஒரு குழு ஹோட்டல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பெயர் எழுதும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவியில் அறிவிப்பார்கள். அதற்குள் அந்தக் குழுவின் மண்டைக்குள் புகுந்து பார்ப்பதுதான் வெர்னாவின் வேலை. ஞாயிறு மதியம் அவளுடைய பட்டியல் மெயின் தெரு உணவகத்தின் கண்ணாடிக் கதவில் ஒட்டப்படும். பதினேழு வருஷத்தில் இரண்டுக்கு மேல் தப்பானது ஒரே வருஷம்தான்.

அது அவள் மூன்றாவது வருஷம். எங்கள் ஊர்க் கல்லூரியை உள்ளே போட்டுவிட்டாள். வார்ட்லோ அதுவரை ஒரு தடவைகூட அந்தப் போட்டிக்குப் போனதில்லை, அந்த வருஷமும் போகவில்லை. உள்ளூர் ரேடியோவில் பேசுகிற கிளைட் ஹாஸ்டெட்லர், "வெர்னா கால்குலேட்டரை வச்சுட்டுக் கைக்குட்டைய எடுத்துட்டாங்க போல" என்று ஒரு வாரம் கேலி செய்தான். அவளுக்கு அது தீராத அவமானம். அதற்குப் பிறகு வந்ததுதான் நீல டேப்.

டேப் ஒட்டுவது என் வேலை. கடைசி இடங்களுக்கு இழுபறியில் நிற்கும் அணிகளுக்கு ஆளுக்கொரு தாள். வெற்றி, தோல்வி, தேதி, எதிராளியின் தரம், எல்லாம் இருக்கும். அணியின் பெயர்மேல் மட்டும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற நீல டேப்பை ஒட்டிவிடுவேன். இரண்டிரண்டாக அவள்முன் வைப்பேன். எண்களை மட்டும் பார்த்து ஒன்றில் கை வைப்பாள். கை வைத்தது உள்ளே, மற்றது வெளியே.

டெல்பர்ட் அந்தக் கல்லூரி அரங்கில் முப்பத்தொரு வருஷம் ஆட்டக் கடிகாரத்தை ஓட்டியவன். எங்கள் பையன்கள் தோற்ற ஆட்டமெல்லாம் அவன் விரலால்தான் முடிந்தது. இந்த வருஷம் இருபத்தாறு வெற்றி. லீக் இறுதியாட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள். இனிக் குழு மனசு வைத்தால்தான் உண்டு. மருத்துவமனைக் கட்டிலை வீட்டு வரவேற்பறையில் போட்டு, டிவிக்கு நேரே படுக்கவைத்திருந்தோம். சாப்பாடு நின்று ஐந்து நாள். அவன் எதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை மேஜையில் கடைசி இரண்டு தாள்களை வைத்தேன். ஒரே ஓர் இடம்தான் பாக்கி. இடது தாள் வார்ட்லோ. எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியக்கூடாது. வெர்னா ஐஸ் கட்டியை மென்றுகொண்டே படித்தாள். கை நேராக இடது தாளுக்குப் போனது. படிந்தும்விட்டது. அப்புறம் அவள் கண் ஒரு வரியில் நின்றது. டிசம்பர் பதினாலு, சொந்த அரங்கில் தோல்வி. அன்றைக்குத்தான் டெல்பர்ட் கடிகார மேஜையில் சரிந்து விழுந்தான்.

மெல்லுவதை நிறுத்தினாள். கையை எடுத்து வலது தாளில் வைத்தாள்.

"இதுதான்" என்றாள்.

நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நேர்மையாகத்தானே இருக்கிறாள் என்று அப்போது பெருமையாகக்கூட நினைத்தேன். மடையன் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நர்ஸ் டெல்பர்ட்டின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்களைத் தனியே கூப்பிட்டாள். "ஆறு மணி வரைக்கும் இருந்தாலும் இருப்பார். அவரா விட்டாதான் உண்டு" என்றாள். பட்டியல் கதவில் ஒட்டியாகிவிட்டது. நான் வெர்னாவை வாசல் பக்கம் இழுத்துப் போனேன்.

"கேட்டான்னா உள்ளேன்னு சொல்லிடு."

"பொய்யா?"

"பொய்யோ நிஜமோ. யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"என் மூஞ்சிய பார்த்தா அவனுக்குத் தெரியும், லைல்."

மூன்று மணிக்கு டெல்பர்ட் கண் திறந்தான். "வெர்னா. நம்ம பசங்க உள்ளேதானே?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல, டெல். வெளியில நிக்கறதுல முதல் ஆளு நாமதான்."

"எவ்வளவுல?"

"ஒரு இடத்துல."

"அப்ப ஆறு மணி வரைக்கும் முழிச்சிருக்க வேண்டியதில்ல" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்விட்டான்.

சவ அடக்கக்காரர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து வரவேண்டும். காத்திருந்தோம். ஆறு மணிக்கு வெர்னா, "டிவியைப் போடு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போட்டேன். போர்வை மூடிய அண்ணன் ஒரு பக்கம், டிவி ஒரு பக்கம். இருபது நிமிஷத்தில் வார்ட்லோ என்று திரையில் வந்தது.

தெருவில் கார் ஹாரன்கள் அலறத் தொடங்கின. யாரோ தேவாலய மணியை அடித்தார்கள். ஊரே வெளியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவர்களுக்கு இந்த வீட்டு விஷயம் இன்னும் தெரியாது.

வெர்னா சமையலறைக்குப் போய் அந்த இரண்டு தாள்களையும் எடுத்துவந்தாள். இடது தாளின் டேப்பை நகத்தால் உரித்தாள். பெயரைப் பார்த்தாள்.

"முதல்ல இதுல கை வச்சேன், இல்ல?"

"ஆமா."

"தேதிய பார்த்தேன். நம்மாளுங்கன்னு தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதும் அதுல கை வைக்கக்கூடாதுன்னு தோணிச்சு." தாளை மடித்தாள். "நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

அவளாவது கேலிக்குப் பயந்தாள். நான் எதற்குப் பயந்தேன்?

தொலைபேசி அடித்தது. நான்தான் எடுத்தேன். கிளைட். பின்னால் ஒரே கூச்சல். வெர்னா கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"வெர்னா, அறுபத்தேழு சரி. டிவி ஆளுங்க ஒருத்தர்கூட இத்தனை சரியாச் சொல்லல. போயும் போயும் நம்ம ஊர்லதான் கோட்டை விட்டீங்க. ஆனா ஒண்ணே ஒண்ணுதான தப்பு. டெல்பர்ட் என்ன சொல்றார்? துள்ளிக் குதிச்சிருப்பாரே?"

வெர்னா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவனுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன், கிளைட்" என்றாள்.