பதுளையில் ஓடாமல் நின்ற என் புரோகிராம்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. பதுளையில் கணினி டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் குடியிருப்பான லயத்திலிருந்து பசறை வழியாகத் தினமும் பஸ். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டும். ஆனாலும் ஜன்னல் வழியே முகத்தில் அடிக்கும் அந்தக் காலைப் பனிக்கு இப்போதும் மனசு ஏங்குகிறது.

கடைசிப் பரீட்சையில் நாமே எழுதிய புரோகிராமை ஓட்டிக்காட்ட வேண்டும். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் விடப்படும் குழந்தைகளுக்கு எப்போது தடுப்பூசி என்று சொல்லும் புரோகிராமை நான் டாட் நெட் என்ற மென்பொருளை வைத்து எழுதியிருந்தேன். தோற்றால் கடை வேலைக்கு அனுப்புவதென்று வீட்டில் முடிவாகியிருந்தது.

வகுப்பில் இருந்தவை புதுக் கணினிகள். பரீட்சை நடந்த இடத்திலோ எல்லாமே பழைய விண்டோஸ் 95. டாட் நெட் இல்லாமல் என் புரோகிராம் ஓடாது. டாட் நெட்டுக்குக் குறைந்தது விண்டோஸ் 98 வேண்டும். நான் கொண்டுபோன டாட் நெட் சீடியைப் போட்டதுமே முடியாது என்று திரை சொல்லிவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். "நான் என்ன செய்யிறது பிள்ளை? ஓட்டிக் காட்டினால்தானே புள்ளி போடலாம்" என்றார், அவரும் முகம் வாடி.

எனக்கு அடுத்ததாக ஒரு சிங்களப் பெண் காத்திருந்தாள். வெலிமடையிலிருந்து, தன் புரோகிராம் இருந்த சொந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, அப்பாவோடு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, என்கிட்ட தொண்ணூத்தெட்டு இருக்கு. இதுல போடுங்க" என்றாள் உடைந்த தமிழில்.

"வேணாங்க. ஒங்க புரோகிராம் கெட்டுப்போனா?"

"கெட்டா பார்ப்போம்."

அவளுடைய அப்பா தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்திவைத்தார். பரீட்சகரும் சரியென்றார்.

டாட் நெட் ஏறி முடிந்து, கணினி அணைந்து மறுபடி எழும்ப வேண்டும். திரை கறுத்தது. அப்படியே நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் மேகப் படத்தோடு விண்டோஸ் எழும்பியது. என் புரோகிராம் ஓடியது. அவளுடையதும் ஓடிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதன்பின் அவளை நான் பார்க்கவேயில்லை. இன்று புரோகிராம் எழுதுவதுதான் என் பிழைப்பு. வாங்குபவர் கையிலிருக்கும் பழைய கணினியிலும் ஓடுமா என்று பார்க்காமல் எதையும் நான் கொடுப்பதில்லை. தன் பரீட்சையையே பணயம் வைத்து எனக்கு இடம் தந்தவளுக்கு எனக்குத் தெரிந்த நன்றி அதுதான்.