பஸ்ஸில் நடந்த வளைகாப்பு

என் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் சோறு வைத்து வெகு நாளாகிறது. அதில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் கிடக்கின்றன. கம்பெனி பஸ் பெருங்களத்தூர் தாண்டிக் குலுங்கும்போதெல்லாம் மடியில் கலகலக்கும். பக்கத்தில் உட்காரும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், "இன்னாக்கா, ஒன் சோறு மட்டும் சத்தம் போடுது?" என்று கேலி செய்வாள். நானும் சிரித்துவைப்பேன்.

அவை எங்கள் லைன் அக்காவுடையவை. மறைமலை நகரில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் அவளும் நானும் எதிரெதிரே நின்று வேலை பார்க்கிறோம். நின்றுதான், உட்கார அங்கே எதுவும் கிடையாது. கட்டட வேலையில் அவள் கணவருக்கு இடுப்பு போனபிறகு வாடகையும் அரிசியும் அவள் தலையில்தான். காண்ட்ராக்ட் பெண் மாசமாக இருப்பது தெரிந்தால் அடுத்த மாதம் வேலை இருக்காது. ஆகவே கம்பெனி யூனிஃபார்ம் கோட்டைப் பெரிய சைஸாகக் கேட்டு வாங்கி வயிற்றை மறைத்தாள். அடிக்கடி பாத்ரூம் போனால் சந்தேகம் வருமென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமென்று அதையும் தள்ளிப்போட்டாள். நாங்கள் திட்டினால், "வவுத்துல கீதுன்னு தெரிஞ்சா வூட்டுக்குப் போன்னுடுவான். அப்பால இதுக்கு எவன் சோறு போடுவான்?" என்பாள்.

ஏழாம் மாதம் அவளுக்கு வளைகாப்பு நடத்தத் தாய்வீட்டில் ஆளில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்திருக்கும் இடம் பஸ் ஒன்றுதான். புளி, எலுமிச்சை, தயிர் என்று ஆளுக்கொரு சாதம் கட்டிவந்தோம். ஓடுகிற பஸ்ஸிலேயே கன்னத்தில் சந்தனம் பூசிக் கை நிறைய வளையல் அடுக்கினோம். டிரைவர் அண்ணன் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். அக்கா அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாத வளையல்கள் அவை. ஆனால் லைனுக்குள் வளையலோடு விடமாட்டார்கள். கேட் தெரிந்ததும் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டாள். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கேரியரில் போட்டு, "பத்திரமா வெச்சுக்கடி, சாயந்தரம் போட்டுக்கிறேன்" என்றாள்.

அன்று மதியமே வலி கண்டது. ஆண் குழந்தை, கைக்குள் அடங்கிவிடும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் மூச்சுக்கு அல்லாடிவிட்டுப் போய்விட்டான். ரத்தமில்லை, சிறுநீரில் கிருமி, நாள் முழுக்க நிற்கிற வேலையில் ஓய்வே இல்லை என்று டாக்டரம்மா வருத்தத்தோடு சொன்னார். வளையல் விஷயம் கேள்விப்பட்ட மாமியார் மட்டும், "போட்ட வளையல கயட்டுனா புள்ள நிக்குமா?" என்று வார்டிலேயே கேட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அக்கா மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். அதே பஸ், அதே பெரிய கோட். என்றாவது வாங்கிக்கொள்வாள் என்றுதான் வளையலைச் சுமந்துகொண்டிருக்கிறேன். நேற்று அவளருகே போய் உட்கார்ந்து, "வளையலால இல்லக்கா. நாள் பூரா நின்னதால. டாக்டரம்மா சொன்னாங்கல்ல?" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்: "நின்னது நான் மட்டுமா? எல்லாருந்தான் நின்னீங்க. கயட்டுனது நான் மட்டுந்தானே."

கேட் வந்துவிட்டது. சத்தம் கேட்காதபடி கேரியரைத் துப்பட்டாவில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன்.