இந்தச் சுவரில் எதை மாட்டலாம்?

இந்த நாட்டு மனிதர்கள் தங்கள் வீட்டுக் குளியலறையைப் படம் பிடித்து, முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் முன்னால் வைத்து, "இதை என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்கள். படத்தில் பல் தீட்டும் பிரஷ் இருக்கும். ஈரத் துவாய் தொங்கும். ஒரு காலுறை கூடக் கிடக்கும். வீட்டு அலங்காரத்துக்கென்று இணையத்தில் இருக்கும் அந்தக் குழுவை முதன்முதலாகப் பார்த்த அன்று, அடுத்த வீட்டுக்குள் தவறுதலாக நுழைந்துவிட்டவள்போல் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பிறகு அது பழகிவிட்டது. முதியோர் இல்லத்துக் குசினியில் எனக்குச் சமையல் வேலை. இடைவேளையில் தேநீரோடு உட்கார்ந்து, யாரோ ஒருத்தியின் திரைச்சீலை நீலமா பச்சையா என்ற வழக்கில் நானும் மனத்துக்குள் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினேன்.

மல்வேர்ன் என்ற பகுதியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் பத்தொன்பது வருடம் இருந்தோம். போன வசந்தத்தில்தான் அங்கிருந்து நாலு தெரு தள்ளி, வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்கி வந்தோம். ஒன்பதாம் மாடியில் எங்கள் ஜன்னலை எட்டிப் பார்க்கப் புறாவுக்கு மட்டுமே முடியும். இங்கே முன்ஜன்னலுக்கும் நடைபாதைக்கும் பத்தடி. நாயோடு நடக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தால் எங்கள் வரவேற்பறைச் சுவர் முழுதாகத் தெரியும். அந்தச் சுவர் வெறுமையாக இருந்தது. பழைய வீட்டிலும் சுவர்கள் வெறுமையாகத்தான் இருந்தன. சாமிப் படங்கள் அலமாரிக்குள் இருக்கும். வேறு ஒன்றையும் நான் மாட்ட விட்டதில்லை. வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று மகளுக்குச் சொல்லி வைத்திருந்தேன். இங்கே அந்தச் சாட்டு எடுபடவில்லை.

"அம்மா, இது இப்ப எங்கட சொந்த வீடு. ஹொஸ்பிட்டல் மாதிரிக் கிடக்கு. ஏதாவது மாட்டுங்கோவன்" என்றாள் அபி. அவள் இங்கே பிறந்தவள். ஒரு பல் வைத்தியரிடம் வேலை செய்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. என் கணவர் ரஞ்சன் பேக்கரித் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அபியும் போய்விட்டாள். நான் சுவரைப் படம் எடுத்தேன். "புதிய வீடு. பெரிய சுவர். எதை மாட்டலாம்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதிக் குழுவில் போட்டுவிட்டுச் சோறு வைக்கப் போனேன். திரும்பி வரும்போது முப்பது பேருக்கு மேல் பதில் எழுதியிருந்தார்கள். கண்ணாடி மாட்டு என்றார்கள் சிலர். செடி வை என்றார் ஒருவர். மிச்சப் பேரெல்லாம் ஒன்றையே சொன்னார்கள்: குடும்பப் படங்கள். சிறிதும் பெரிதுமாகச் சுவர் நிறைய உன் ஆட்களை மாட்டு. அதை வேகமாகத் தள்ளிவிட்டேன். அதற்குக் கீழே ஒரு பெண், அப்படி ஒரு சுவருக்காகத் தான் கொலையும் செய்வேன் என்று எழுதியிருந்தாள்.

அபிக்குப் போன் அடித்தேன். "பிள்ளை, ஒருத்தி கொலை செய்வன் எண்டு எழுதியிருக்கிறாள்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஐயோ அம்மா, உது சும்மா ஒரு எக்ஸ்பிரஷன். அவவுக்கு உங்கட வோல் அவ்வளவு பிடிச்சிருக்கு. ரிலாக்ஸ். பேஷன்ட் வந்திட்டார், நான் பிறகு எடுக்கிறன்."

நானும் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றேன். அப்போதுதான் இன்னொரு பதில் வந்தது. "இது எந்த வீடு என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து உங்கள் மெசேஜைப் பாருங்கள்." எழுதியவரின் முகம் இல்லை. ஒரு கறுப்பு நாயின் படம் மட்டும் இருந்தது. மெசேஜைத் தேடினேன். ஒன்றும் இல்லை. போட்ட படத்தை எப்படி அழிப்பது என்றும் தெரியவில்லை. அபிக்கு மறுபடி அடித்தேன், அவள் எடுக்கவில்லை. ரஞ்சன் வேலை செய்யும் இடத்தில் கைபேசியை லொக்கரில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். முன்கதவின் பூட்டைச் சரிபார்த்தேன். பின்கதவையும் பார்த்தேன். பெரிய ஜன்னலுக்கு இன்னும் திரைச்சீலை போடவில்லை. ஒரு படுக்கை விரிப்பை எடுத்து வந்து, கதிரையை இழுத்துப் போட்டு ஏறி அதை மறைக்கப் பார்த்தேன். விரிப்பு நிற்கவே இல்லை, நழுவிக்கொண்டே இருந்தது. கதிரையில் நின்றபடியே கண்டேன், தெருவின் அந்தப் பக்கத்தில் உயரமான ஒரு மனிதர் நின்று எங்கள் வீட்டு இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தெருவைக் கடந்து வந்தார். கதவு மணி அடித்தது. எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் ஜன்னலில்லாத இடம் ஒன்றுதான், படிக்கட்டின் கீழே உள்ள சின்னக் கழிப்பறை. நான் அதற்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நிலத்தில் குந்தினேன். ஐம்பத்துமூன்று வயதுப் பெண், தன் சொந்த வீட்டில், தனக்குக் கடவுச்சீட்டுத் தந்த ஒரு நாட்டில். மணி மறுபடி அடித்தது. அவர் கதவைத் தட்டி ஏதோ சொன்னார். அந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு விளங்கியது. போட்டோ.

எங்கள் ஊர் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு படம் தொங்கியது. பெரியண்ணா ஜேர்மனிக்குப் புறப்படுவதற்கு முந்தின வாரம், யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு போட்டோ ஸ்ரூடியோவில் எடுத்தது. அப்பா, அம்மா, பெரியண்ணா, சின்னண்ணா, நான், தங்கச்சி. பெரியண்ணா போய் ஒரு வருடமிருக்கும், ஒரு காலையில் ஊரை இராணுவம் சுற்றி வளைத்தது. எங்கள் வீட்டுக்குள் வந்த ஆமிக்காரரில் ஒருவனுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அவன் அலமாரியைத் திறக்கவில்லை, பெட்டிகளைக் கிளறவில்லை. நேரே அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்று, கண்ணாடியில் விரல் நுனியை வைத்து ஒவ்வொரு முகமாக எண்ணினான்.

"படத்தில ஆறு. வீட்டில நாலு. மத்த ரெண்டு எங்க?"

ஒருவன் வெளிநாடு என்றார் அப்பா. மற்றவன் படிக்கிற பிள்ளை, மானிப்பாயில் மாமி வீட்டில் நிற்கிறான் என்றார். அது உண்மைதான். ஆமிக்காரன் படச்சட்டத்தைக் கழற்றி, பின்பக்க ஆணிகளை நெம்பி, படத்தை உருவிச் சட்டைப் பைக்குள் வைத்தான். பிறகு வெறும் சட்டத்தை இருந்த இடத்திலேயே மிகக் கவனமாக மாட்டிவிட்டுப் போனான். நாலு நாள் கழித்துச் சின்னண்ணாவைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இறக்கியவனின் கையில் ஒரு படம் இருந்ததாக அதே பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். சின்னண்ணா திரும்பி வரவில்லை.

அபி வந்து கழிப்பறைக் கதவைத் தட்டும்வரை நான் வெளியே வரவில்லை. என் அழைப்புகளைக் கண்டு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள். அவள் கையில் ஒரு தாள். முன்கதவில் செருகியிருந்ததாம். பெரிய எழுத்தில், கோணாமல் எழுதியிருந்ததை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"மேடம், இந்தப் பகுதியில் பல வருடம் கடிதம் விநியோகித்தவன் நான். உங்கள் படத்தில் மேசைமேல் ஒரு கடித உறை இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் உங்கள் பெயரும் விலாசமும் தெரிகின்றன. மெசேஜ் அனுப்பினேன், நீங்கள் பார்க்கவில்லை. உடனே படத்தை எடுத்துவிடுங்கள். பயப்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். சுவருக்கு இளமஞ்சள் பொருந்தும்."

அபி அந்த இடத்திலேயே படத்தை அழித்தாள். தெரியாதவர்களின் மெசேஜ்கள் போய் ஒளிந்துகொள்ளும் ஒரு மூலையைத் திறந்து, அவர் அனுப்பியதைக் காட்டினாள். மூன்று தரம் அனுப்பியிருந்தார். நன்றி என்று எழுதினேன். கதவைத் திறக்காததற்கு மன்னிப்பும் கேட்டேன். உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வந்தது. எல்லாம் நல்லதாகத்தான் முடிந்தது. ஆனாலும் அவர் கண்ட உறையை வேறு யார் கண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பல நாட்கள் மணி அடித்தால் கால்கள் தாமாகவே படிக்கட்டுப் பக்கம் திரும்பின.

அன்று பின்னேரம் அபி கேட்டாள். "அம்மா, அந்த மனுஷன் ஹெல்ப் பண்ண வந்தவர். நீங்கள் ஏன் நிலத்தில இருந்து அப்படி நடுங்கினீங்கள்?"

பெரியமாமா ஜேர்மனியில் இருப்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு மாமா இருந்தது தெரியாது. சொன்னேன். முடிந்ததும், "அந்தப் படம் பெரியமாமாட்ட இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

இருந்தது. ஒரு பிரதியை அவர் கையோடு கொண்டு போயிருந்தார். பலமுறை அனுப்பவா என்று கேட்டார், நான்தான் வேண்டாமென்றேன். அபி அவரோடு கதைத்தாள். அடுத்த நாளே அது அவள் கைபேசிக்கு வந்துவிட்டது. சின்னண்ணாவுக்கு மீசை அரும்பியிருந்ததை நான் மறந்து போயிருந்தேன்.

சுவருக்கு இளமஞ்சள் அடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரஞ்சன் துளை போட்டு ஆணி இறுக்கி, பெரிதாக்கிச் சட்டம் போட்ட அந்தப் படத்தை மாட்டினார். "நேராக் கிடக்கோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் வெளியே போனேன். நடைபாதையில் நின்று பார்த்தேன். சுவர் தெரிந்தது, சட்டமும் தெரிந்தது, முகங்கள் தெரியவில்லை. அப்பாடா என்றிருந்தது. உடனேயே, தெரியவில்லையே என்றும் இருந்தது. எங்கள் வாசல் பக்கமாக மூன்று அடி வைத்தேன். முகங்கள் வந்தன, இடமிருந்து மூன்றாவதாகச் சின்னண்ணா. மூன்று அடி பின்னால் வைத்தேன். யாரும் இல்லை.

"என்னப்பா செய்யிறீர் உதில? உள்ளுக்கு வாரும், குளிருது" என்று ரஞ்சன் வாசலில் நின்று கூப்பிட்டார்.

"வாறன்" என்றேன். சொல்லிவிட்டு, முன்னால் மூன்று அடியும் பின்னால் மூன்று அடியுமாக, அங்கேயே நடந்துகொண்டிருந்தேன்.