கால்வாயில் நட்ட மரங்கள்

கன்னியப்பன் சார் இறந்த செய்தியை எனக்குச் சொன்னது அண்ணன் சேகர். அலுவலகத்துக்கு போன் செய்து, "செக்ரட்டரி போயிட்டாரு. காலையில நெஞ்சுவலியாம்" என்றான். அவருடைய கால்பந்து கிளப்பில் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஆடியவன் அவன். வருத்தமா நிம்மதியா என்று அவன் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. சில நாள் கழித்துக் கிளப்பிலிருந்து இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நினைவு மலர் போடுகிறார்களாம்; அட்டைக்கு எடுத்த மரநிழல் படத்தையும் காட்டினார்கள். "நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க மேடம். சாரோட பசுமைப் பணி பத்தி ரெண்டு பக்கம் குடுங்க" என்றார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, மலர் வெளிவந்ததும் வரும் ஞாயிறு அவர் நினைவாக மரக்கன்று நடப்போவதாகவும் சொன்னார்கள். எங்கே என்று கேட்டேன். "பழைய இடந்தான் மேடம். கிரவுண்டுக்குப் பின்னாடி அந்தப் பள்ளம் சும்மாதானே கிடக்குது."

அந்தப் பள்ளம் சும்மா கிடக்கவில்லை. அது கால்வாய். ஐப்பசி, கார்த்திகையில் மேட்டுப்பக்கத்துத் தண்ணீரையெல்லாம் ஏரிக்குக் கொண்டுபோகிறது. அதற்கு இந்தப் பக்கம், அதைவிடத் தாழ்வாக, எங்கள் தெரு இருக்கிறது. அதுவரை கிளப்புக்கு நான் ஒன்றும் எழுதித் தருவதாக இருக்கவில்லை. அவர்கள் சொன்ன இடத்தைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தேன்.

செத்தவரைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லதையே முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் பொய் இல்லை. சென்னையின் கால்பந்து மைதானங்கள் எல்லாம் புழுதிக்காடாகக் கிடந்த எண்பதுகளில், தாம்பரத்துக்கு இந்தப் பக்கம் புல் இருந்த ஒரே மைதானம் அவருடையது. அதற்காகக் கிணற்றுத் தண்ணீரை அவர் செலவழிக்கவில்லை. ஆட்டக்காரர்கள் குளிக்கும் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் புல்லுக்குத் திருப்பினார். சோப்பு போட்டால் புல் கருகும் என்று சோப்பைத் தடை செய்தார். சீயக்காய், கடலைமாவு மட்டும்தான். வெளியூரிலிருந்து வந்த ஒரு ஆட்டக்காரர், "இன்னா சார், என்னை ஆட்டத்துக்கு எடுத்தீங்களா, கல்யாணத்துக்கு எடுத்தீங்களா? நலங்கு வெக்கிறாப்ல கீது" என்றாராம். கன்னியப்பன் சார் சிரிக்கவில்லை. "ஆள ஏமாத்தலாம். புல்ல ஏமாத்த முடியாதுப்பா" என்றார். அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அடுத்து அவர் கொண்டுவந்த வழக்கம் கிளப்பில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கோல் அடித்தவர் மறுநாள் காலை ஒரு கன்று நட வேண்டும். சேம்சைடு கோல் போட்டவர் இரண்டு கன்று நட்டு, கோடை முழுக்கத் தண்ணீரும் ஊற்ற வேண்டும். எங்கள் அண்ணன் தடுப்பாட்டக்காரன். எதிரணிக்கு கோல் அடித்ததே இல்லை. ஒருமுறை தலையால் தட்டிவிடப் பார்த்தபோது, பந்து நம் வலைக்குள்ளேயே போய்விட்டது. எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே அவனுடைய இரண்டு புங்கங்கன்றுகளும் நின்றன. அந்தக் கோடை முழுக்க அவன் குடம் தூக்குவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. "சேகரு, இன்னொரு சேம்சைடு போடுடா, தெருவுக்கே நெழலாப்பூடும்" என்று அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்கா ஜன்னல் வழியாகக் கத்துவார். ஸ்டெல்லா அக்கா தையல்காரர். கணவர் இல்லை; இருந்தது காலால் மிதிக்கும் ஒரு மெஷினும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான்.

கன்று நட இடம் தீர்ந்தபோதுதான் அவர் கண் கால்வாயில் விழுந்தது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது காய்ந்துதான் கிடக்கும். லாரியில் மண் அடித்து நிரவினார். அதன்மேல் வரிசையாகக் கன்றுகளை வைத்து, ஆடு நுழையாமல் முள்கம்பி வேலி போட்டார். வேலியின் இரண்டு பக்கமும் கதவு. ஒன்று மைதானத்துக்கு, ஒன்று எங்கள் தெருவுக்கு. இரண்டுக்கும் பூட்டு. சாவி அவர் இடுப்பில்.

தெரியாமல் செய்தார் என்று இந்த மலரில் யாராவது எழுதியிருந்தால் அதை நம்பாதீர்கள். அவர் இந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மழைக்கு முன்னால் ஆள் கூட்டிக் கால்வாயைத் தூர் வாரும் பொறுப்பு அவர்கள் வீட்டுடையது. மண் அடித்த அன்று என் அப்பா அதைத்தான் அவருக்கு நினைவுபடுத்தினார். "உங்க தாத்தா வெட்டி வெச்ச கால்வா சார் இது."

"தாத்தா காலத்துல கீழ நெல்லு இருந்துது. இப்ப நெல்லா இருக்குது? பிளாட்டுதானே இருக்குது" என்றார் கன்னியப்பன் சார். "தண்ணி போய் யாருக்கு என்ன ஆவப்போவுது?"

நெல்லுக்கு மட்டும்தான் தண்ணீர் ஓடும் என்று நிலம் வைத்திருந்தவர்கள் நினைத்தார்கள். வயலை மனையாக விற்றதும் கால்வாய்க்கு வேலை முடிந்துவிட்டதாம். மழைக்கு அது தெரியவில்லை.

அந்தக் கார்த்திகையில் ஒரு பகல் முழுக்கப் பெய்தது. மதியத்துக்குள் தண்ணீர் தெருவில் முழங்கால் அளவு, பிறகு வீட்டுக்குள், பிறகு கட்டிலுக்கு மேலே. போக வேண்டிய வழியில் மண்ணும் கன்றுகளும் நின்றதால் அது எங்களிடம் வந்தது. ஸ்டெல்லா அக்கா வீட்டில் கிறிஸ்துமஸுக்குத் தைத்து மடித்த பாவாடைகளும் கவுன்களும் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றைத் தூக்கிப் பரணில் போடுவதா, பிள்ளைகளைத் தூக்குவதா என்று ஒரு நிமிஷம் தவித்தார். பிள்ளைகளை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மெஷினின் தலையைக் கழற்றித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். நான் அக்காவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். மேடு என்று இருந்தது அந்த வேலிக்குள் மட்டும்தான். அதற்கு அப்பால் மைதானத்தின் படிக்கட்டு.

வேலிக்குள் கன்னியப்பன் சார் நின்றுகொண்டிருந்தார். குடை இல்லை. தொப்பலாக நனைந்து, ஒவ்வொரு கன்றாகக் கயிற்றால் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"சார், கதவத் தொறங்க சார்!" என்று அக்கா கத்தினார்.

"இரும்மா. இந்த ஒண்ணக் கட்டிட்டு வர்றேன். காத்துல முறிஞ்சிடும்."

நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றோம். அவர் அந்தக் கன்றைக் கட்டி முடித்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அடுத்த கன்றுக்குப் போனார். அதையும் கட்டினார். அதற்கடுத்ததற்கும் போனார். எங்கள்மேல் அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. பகை இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண் காத்திருக்கலாம், கன்றால் முடியாது என்று அவர் மனமாரவே நம்பினார். மைதானப் பக்கத்திலிருந்து வேலியைத் தாண்டி ஓடிவந்த அண்ணன்தான் கல்லால் அடித்துப் பூட்டை உடைத்தான். "யாரக் கேட்டுடா உடச்ச?" என்று அப்போதுதான் அவர் குரல் உயர்ந்தது. அடுத்த ஆட்டத்திலிருந்து அண்ணன் பெயர் அணியில் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

தண்ணீர் வடிந்ததும் தெருவே திரண்டு அவரைப் பார்க்கப் போனது. அடுத்த மழைக்குள் கால்வாயைத் திறந்துவிடச் சொன்னோம். அவர் எல்லோரையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். "நீ படிச்ச பொண்ணு. மரத்த வெட்டுன்னு நீயாம்மா சொல்ற?" என்றார். இத்தனைக்கும் அங்கே ஒருவர் வாயிலிருந்தும் வெட்டு என்ற சொல்லே வரவில்லை. மரத்தைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம், கால்வாயைப் பிடுங்கி எங்கே நடுவது என்று கேட்டேன். "யோசிக்கலாம்" என்றார். பெரிய மனிதர்கள் யோசிக்கலாம் என்றால் போய் வா என்று பொருள்.

அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே வானம் மறுபடி கறுத்தது. ஞாயிறு காலை, லீக் ஆட்டம் நடக்கவேண்டிய நாள், எங்கள் தெருப் பெண்கள் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தார்கள். ஒரு கன்றையும் யாரும் வெட்டவில்லை. வேரோடு தோண்டி, சாக்கில் சுற்றி, மைதானத்தின் எல்லைக்கோட்டில் வரிசையாக வைத்தார்கள். ஆட்டக்காரர்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் திகைத்து நின்றார்கள். முதலில் உள்ளே இறங்கியவர் கோல்கீப்பர் மாசிலாமணி அண்ணன். "எனக்குத்தான் கோல் அடிச்சு நட குடுத்து வெக்கல. புடுங்கவாவது வுடுங்கம்மா" என்று சொல்லி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு மற்றவர்களும் ஜெர்சியோடு இறங்கி, லாரியில் அடித்த மண்ணை வாரிக் கரையில் கொட்டினார்கள். ஆட்டம் நடக்கவில்லை.

கன்னியப்பன் சார் வந்தார். சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து வேரைப் பார்த்தார். கடைசியில் ஸ்டெல்லா அக்காவிடம், "வேர்ல மண்ணே இல்லாம எடுத்திருக்கீங்களேம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. கண் கலங்கியிருந்தது என்றுகூடச் சொல்வேன்.

"மண்ணு வோணுமா சார்? எங்க வூட்டுல நெறைய கீது. கட்டில் மேல, பீரோக்குள்ள, புள்ளைங்க புஸ்தகத்துல. எவ்ளோ வோணும்?" என்றார் அக்கா.

மாசிலாமணி அண்ணன் சிரித்துவிட்டார். அவர் மட்டும்தான் சிரித்தார்.

அடுத்த மழை கால்வாய் வழியாகப் போனது. தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. கன்றுகளை நாங்களே எங்கள் தெருவின் இரண்டு ஓரத்திலும் நட்டோம். பாதி பிழைத்தன. இன்று உங்கள் மலரின் அட்டையில் இருக்கும் நிழல் எங்கள் தெருவுடையது. ஆனால் அதற்குப் பிறகு கன்னியப்பன் சார் ஏறிய மேடையிலெல்லாம், "ஜனங்களே மரத்தை அழித்தார்கள், நான் காப்பாற்றினேன்" என்றுதான் பேசினார். ஏதோ ஒரு சங்கம் கேடயம் கொடுத்தது. நீங்கள் கைதட்டினீர்கள். ஸ்டெல்லா அக்காவுக்கு அந்தக் கிறிஸ்துமஸோடு வாடிக்கை போயிற்று. சேறு படிந்த துணிக்கு யார் பதில் சொல்வது? பொங்கலுக்குள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டலூர்ப் பக்கம் போய்விட்டார்.

போன வருஷம் தாம்பரம் ரயில் நிலையத்தில் கன்னியப்பன் சாரைக் கடைசியாகப் பார்த்தேன். மெலிந்துபோயிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உங்க அண்ணனோட அந்த ரெண்டு புங்கமரம் நிக்குதாம்மா?" என்றார். நிற்கிறது என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. ஸ்டெல்லா அக்காவை எப்போதாவது பார்த்தீர்களா சார் என்று நான் கேட்டேன்.

"ஸ்டெல்லாவா?" என்று நெற்றியைச் சுருக்கினார். "யாரும்மா அது?"

நடிக்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. செங்கல்பட்டு வண்டி வந்தது. ஏறிவிட்டேன்.

அவரை வெறுக்க எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை. மரத்தின்மேல் அவர் வைத்திருந்த அன்பு பொய் என்று நான் எங்கும் சொல்லவில்லை. அது பொய்யாக இருந்திருந்தால் அவர் அந்த மழையில் நனைந்திருக்கமாட்டார். அந்த அன்புக்குள் மனிதர் நிற்க இடம் இல்லாமல் போனதைத்தான் சொல்கிறேன். அதை நீங்கள் பசுமைப் பணி என்று அச்சடிக்கிறீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பழக்கம். யாராவது எங்காவது ஒரு கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டால், என் கண் கன்றுக்குப் போவதில்லை. நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்கிறது. கூடவே ஒரு கோபமும் வந்தது. இத்தனை வருஷத்தில் அது தணியும் என்று காத்திருந்தேன், தணியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை நீங்கள் கன்றுகளோடு வரும்போது நானும் அங்கே நிற்பேன். அம்மா வருவாள், தெருவில் மிச்சமிருக்கிற பெண்கள் வருவார்கள். தெருக்கோடியில் நாலைந்து கன்றுக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறோம்; அங்கே நடுங்கள், தண்ணீர் நாங்கள் ஊற்றுகிறோம். கால்வாயில் ஒரு குழி விழுந்தாலும், அதை அன்றைக்கே மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.