மேல் இரண்டு படிகள்

அலுமினியத்தைப் பற்ற வைக்க எங்கள் பக்கம் அப்போது ஆள் கிடையாது. ஓசூரில் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். சித்தப்பா இரண்டு குழாய்களை லாரிப் பட்டறைக்குத் தூக்கிப்போய்க் காட்டியதற்கு, இரும்பு இருந்தால் கொண்டு வா, இதெல்லாம் உருகி ஓடிவிடும் என்று கன்னடத்தில் சொல்லித் துரத்திவிட்டார்களாம். சித்தப்பா விடுகிற ஆளா? எங்கள் கம்பெனியில் பசை போட்டே இரும்பை ஒட்டுகிறோம், வெல்டிங் எம்மாத்திரம் என்று வீட்டுக்கு வந்து அளந்தார்.

அந்தக் குழாய்களில் செய்ய நினைத்த ஏணி அப்பாவுக்கு. சானமாவுக் காட்டை ஒட்டி எங்கள் மானாவாரி நிலம். ராகி கதிர் பிடித்தால் யானை வரும். அப்பா புளியமரத்துப் பரணில் காவல் இருப்பார். மூங்கில் ஏணியை மரத்தடியில் விட்டு வந்தால் மறுநாள் இருக்காது. தினமும் சுமந்தால் தோள் கழன்றுவிடும். முந்தின வருஷம் சுமக்க முடியாமல் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போன அன்றுதான் யானை வந்தது. பரணில் ஏற வழியில்லாமல் வேலி முள்ளுக்குள் படுத்து அப்பா உயிர் தப்பினார். அதனால்தான் ஒரு கையால் தூக்குகிற மாதிரி ஏணி வேண்டியிருந்தது.

பசை வாங்க ஒன்பது வயதுக்காரியான என்னையும் கூட்டிப்போனார் சித்தப்பா. கடைக்காரர் தெலுங்கில் பேசிக்கொண்டே இரண்டு வகை எடுத்து வைத்தார். ஒன்று ஐந்து நிமிஷத்தில் பிடித்துவிடும், இன்னொன்று ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். சட்டென்று பிடிப்பதையே கொண்டு போங்கள் என்றார். சித்தப்பா மற்றதை எடுத்தார். மெதுவாக இறுகுவதுதான் ஆள் கனம் தாங்குமாம். அதில் அவர் தப்புச் செய்யவில்லை. இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், எங்கள் வீட்டில் யாரும் அவருக்காக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அட்டைப் பெட்டிக்குள் இரண்டு ட்யூப் இருந்தன. தனித்தனியாக எத்தனை நாள் வைத்தாலும் அவை இறுகாது, கலந்தால்தான் இறுகும். மூடியை மாற்றிப் போட்டால் இரண்டும் பாழ். அந்தக் குழப்பம் வராமல் இருக்க சித்தப்பா ஒன்றுக்குப் பால் என்றும் மற்றதற்கு உறை என்றும் பெயர் வைத்தார். வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. குழாய் முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பதும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைப்பதும் என் வேலை. காற்றில் தூசி விழும் என்று அவர் உள்ளே போய்க் கலக்கி எடுத்து வருவார். பக்கக் குழாய்களின் ஓட்டையில் தடவிப் படியைச் செருகுவார். ஏழில் ஐந்து படி முடிவதற்குள் செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

“மேல ரெண்டு படி நீ வச்சிரு, கண்ணு. பாலையும் ஒறையையும் சரியாக் கலக்கணும், தெரியுதா?”

சரியாக என்றால் அவருக்குச் சரிக்குச் சரி, எனக்கு ஒழுங்காக. பாலுக்கு உறை எவ்வளவு என்று எனக்கா தெரியாது? அதிகம் ஊற்றிப் புளிக்க வைத்து அம்மாவிடம் குட்டு வாங்கியவள் நான். பாலை நன்றாகப் பிதுக்கி, உறையில் மிளகளவு எடுத்து, நூறு எண்ணும்வரை தீக்குச்சியால் கலக்கித் தடவினேன். பெருமை பிடிபடவில்லை எனக்கு.

மறுநாளும் அந்த இரண்டு படியில் விரல் ஒட்டியது. அம்மாவிடம் சொன்னேன். இந்தப் பனிக்குத் தயிரே உச்சிப்பொழுது வரைக்கும் தோயவில்லை, சாக்கைப் போர்த்தி வெயிலில் வை என்றாள். வைத்தேன். இரண்டு நாளில் மேலே புழுதி படிந்து விரல் ஒட்டுவது நின்றுவிட்டது. அப்பா ஏணியை ஒரு கையால் தூக்கித் தலைக்கு மேல் பிடித்துக் காட்டினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரம். காட்டோரம் கிளை முறிகிற சத்தம் கேட்டு அப்பா அவசரமாக ஏறியிருக்கிறார். மேல் படி ஒரு பக்கம் கழன்று கையோடு வந்துவிட்டது. கீழே பாறை. யானைகள் ஏரிப் பக்கம் போய்விட்டன. எங்கள் ராகியில் ஒரு கதிரைக்கூடத் தொடவில்லை.

அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சித்தப்பா ஓடி வந்து முதலில் ஏணியைத்தான் பார்த்தார். ஓட்டைக்குள் நகத்தை விட்டுச் சுரண்டினார். பசை பிசின் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. உறை எவ்வளவு போட்டாய் என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். பிறகு உள்ளே போய் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

“ஏழு படியும் நான்தான் ஒட்டுனேன், அண்ணி.”

இவ்வளவு பெரிய பொய்யை இந்த மனுஷன் எதற்குச் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. வேலையைப் பாதியில் விட்டுப் போனதை மறைக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். இனி இந்த வாசல் மிதிக்காதே என்றாள் அம்மா.

முதுகெல்லாம் புண்ணாகிப் பதினான்கு மாதம் கிடந்து அப்பா செத்துப்போனார். பாடைக்குத் தோள் கொடுக்க வந்த சித்தப்பாவை அம்மா விடவில்லை. கூடப் பிறந்தவர் கடைசி ஆளாய்ப் பின்னால் நடந்தார்.

இருபது வயதில் நானும் ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் வாரமே அதே மாதிரிப் பசையைக் கொடுத்து, இரண்டையும் ஒரே நீளத்துக்குக் கோடு மாதிரிப் பிதுக்கு, ஒன்று குறைந்தால் இறுகாது என்றார் சூப்பர்வைசர். நான் எடுத்த மிளகளவு உறை ஞாபகம் வந்தது. சித்தப்பா காலில் போய் விழலாம் என்றால், அவர் கண்ணை மூடி ஆறு மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அப்பாவை எடுத்த அன்று சாயங்காலம் நடந்ததுதான் என்னைத் தின்கிறது. மாட்டுக் கொட்டாயில் சாத்திக் கிடந்த ஏணியைச் சித்தப்பா எடுத்துத் தோளில் வைத்தார்.

“அண்ணன் சாம்பல் இன்னும் ஆறல. அதுக்குள்ள உனக்குக் கொழாய் கேக்குதா?” என்றாள் அம்மா.

அவர் ஏணியோடு நடந்தார். அந்த இரண்டு படியை இன்னொருவர் சுரண்டிப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் எடுத்துப் போகிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மா காறித் துப்பினாள். பக்கத்தில் நின்ற நானும் அவர் முதுகைப் பார்த்துத் துப்பினேன். சித்தப்பா திரும்பினார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.